தாழ்ந்து ஓடிய தாமரை: லோட்டஸ் கார் தந்த கோலின் சாப்மன்

ஈப்போ வட்டாரத்தில் பழைய புரோட்டோன் சத்ரியா, வீரா கார்களைத் தரையோடு தரையாக இறக்கி ஓட்டும் இளைஞர்களைப் பார்த்திருப்போம். சிலர் குட்டை ஸ்பிரிங் வாங்கி மாட்டுகிறார்கள். கையில் காசு இல்லாதவர்கள் இருக்கும் ஸ்பிரிங்கையே வெட்டிவிடுகிறார்கள். இரண்டு அங்குலம் இறங்கினால் கார் பந்தயக் கார் போல நிற்கும், பந்தயக் கார் போலவே வளைவில் திரும்பும் என்பது அவர்களின் நம்பிக்கை.

அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை. மீதியைத் தெரிந்துகொள்ள, காரை எப்படித் தாழ்த்துவது, எப்படி எடையைக் குறைப்பது என்று வாழ்நாள் முழுவதும் யோசித்த ஒருவரின் கதையைப் படிப்பது நல்லது. அவர் லோட்டஸ் கார்களை உருவாக்கிய கோலின் சாப்மன். 1982இல் தமது 54ஆவது வயதில் மறைந்தார்.

ஆங்கிலேயர் ஒருவரின் கதை நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1996இல் லோட்டஸ் நிறுவனத்தை வாங்கியது நம் நாட்டு புரோட்டோன். பேராக்கின் தென்கோடியில் இருக்கும் தஞ்சோங் மாலிம் ஆலையிலிருந்து 2004இல் முதலில் வெளிவந்த ஜென்-2 காரின் சஸ்பென்ஷனைச் சீர்செய்தவர்கள் லோட்டஸ் பொறியாளர்களே. அதற்கு முன் வந்த சத்ரியா ஜிடிஐ காரின் சஸ்பென்ஷனும் அவர்கள் கைபட்டதுதான். சாப்மன் விதைத்த ஒரு சிந்தனை நம் மாநிலத்துச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓட்டலின் பின்கட்டில் ஒரு தொழிற்சாலை

அந்தோனி கோலின் புரூஸ் சாப்மன் 1928 மே 19ஆம் தேதி லண்டனை ஒட்டிய ரிச்மண்டில் பிறந்தார். லோட்டஸ் சின்னத்தில் பின்னிக் கிடக்கும் ஏ, சி, பி, சி என்ற நான்கு எழுத்துகள் அவருடைய பெயரின் முதலெழுத்துகள்தாம். லோட்டஸ் என்றால் தாமரை. தந்தை லண்டனின் ஹார்ன்சி பகுதியில் ரயில்வே ஓட்டல் என்ற மதுக்கடையுடன் கூடிய விடுதியை நடத்தினார்.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சாப்மன் படித்தது கட்டுமானப் பொறியியல். கார் பொறியியல் அல்ல. பாலமும் கூரையும் எப்படிக் குறைந்த இரும்பில் அதிகப் பாரம் தாங்குகின்றன என்பதே அவருடைய பாடம். கார்களை அவர் பார்த்த பார்வைக்கு இந்தப் படிப்பே அடித்தளம் ஆனது. விமானம் ஓட்டவும் பழகினார்.

படிக்கும்போதே பழைய கார்களை வாங்கி விற்றார். போருக்குப் பிந்திய பெட்ரோல் கட்டுப்பாட்டால் 1947இல் அந்த வியாபாரம் படுத்தது. கையில் எஞ்சியிருந்தது ஒரு பழைய ஆஸ்டின் செவன். அதைப் பிரித்து, காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் வைத்து, தாமே ஒரு பந்தயக் காராக மாற்றிக் கட்டினார். அதுவே 1948இன் முதல் லோட்டஸ்.

1952இல் லோட்டஸ் இன்ஜினியரிங் தொடங்கப்பட்டது. முதலீடு 25 பவுண்டு. அந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்தவர் ஹேசல். 1954இல் இருவரும் மணந்துகொண்டார்கள். தந்தையின் ஓட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயமே தொழிற்சாலை. பகலில் அலுமினிய நிறுவனத்தில் வேலை, இரவில் கார் வேலை என்று தொடக்க ஆண்டுகளை ஓட்டினார் சாப்மன்.

பெரிய எஞ்சின் வாங்க அவரிடம் பணம் இல்லை. அதனால் எதிர்த் திசையில் யோசித்தார். எஞ்சின் சக்தியைக் கூட்ட முடியாவிட்டால் எடையைக் குறைக்கலாம் அல்லவா? சக்தி கூடினால் நேர்ப்பாதையில் மட்டும்தான் பயன். எடை குறைந்தால் நேர்ப்பாதை, வளைவு, பிரேக் எல்லா இடத்திலும் பயன். மயிற்பீலி ஏற்றிய வண்டியின் அச்சு முறிவதைக் குறளில் படித்திருக்கிறோம். சாப்மன் பாரத்தைக் குறைத்தார். கூடவே அச்சையும் மெலிதாக்கினார். அவருடைய வெற்றியும் அதில் இருந்தது, ஆபத்தும் அதில் இருந்தது.

1957இல் வந்த லோட்டஸ் செவன், பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளக்கூடிய கார். முழுக் காருக்கு உரிய விற்பனை வரி அதற்கு இல்லை என்பதால் சம்பளக்காரர்களாலும் வாங்க முடிந்தது. நம் வட்டாரத்துக்கும் அவருடைய கார்கள் வந்து சேர்ந்தன. சிங்கப்பூரின் தாம்சன் சாலைப் பந்தயத்தில் ஹாங்காங்கின் ஆல்பர்ட் பூன் 1963, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றது லோட்டஸ் 23 காரில்தான். அடுத்த ஆண்டு லீ ஹான் செங் வென்றதும் லோட்டஸில்தான்.

மென்மையான ஸ்பிரிங், விறைப்பான உடல்

அந்தக் காலத்தில் விளையாட்டுக் கார் என்றாலே கட்டை வண்டி போலக் குலுங்கும். ஸ்பிரிங் எவ்வளவு விறைப்போ அவ்வளவு நல்லது என்று எண்ணினார்கள். சாப்மன் அதை மறுத்தார். சாலை என்பது மேடு பள்ளம் உள்ளது. விறைப்பான ஸ்பிரிங் கொண்ட கார் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். சக்கரம் தரையை விட்டு எழும்பும் அந்த நொடியில் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. சக்கரம் எப்போதும் தரையைப் பிடித்திருக்க வேண்டும் என்றால் ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும். அது ஏறி இறங்கப் போதிய இடமும் வேண்டும். அதை அடக்கி ஆள நல்ல அப்சோர்பர் வேண்டும்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. காரின் உடல் விறைப்பாக இருக்க வேண்டும். உடல் வளைந்து கொடுத்தால் அதுவே யாருக்கும் கட்டுப்படாத இன்னொரு ஸ்பிரிங் ஆகிவிடும். பாலம் கட்டப் படித்தவருக்கு இது எளிதாகப் புரிந்தது.

இந்தச் சிந்தனையின் நல்ல பிள்ளை 1962இல் வந்த லோட்டஸ் எலான். ரான் ஹிக்மன் முன்னின்று வடிவமைத்த அந்தக் காரின் எடை 700 கிலோவுக்கும் குறைவு. நடுவில் முதுகெலும்பு போல ஓர் இரும்புச் சட்டம், மேலே ஃபைபர் கிளாஸ் உடல். ஸ்பிரிங்குகள் வியக்கத்தக்க அளவுக்கு மென்மை. ஆனாலும் வளைவில் தரையைக் கவ்விக்கொண்டு ஓடும்.

எலானில் தோட்டப்புற வாசகர்களுக்குப் பிடித்துப்போகும் ஒரு பாகம் உண்டு. பின்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டுகளின் மூட்டில் இரும்புக்குப் பதிலாகத் தடித்த ரப்பர் வளையங்களை வைத்தார்கள். சக்கரம் மேலும் கீழும் போகும்போது அந்த ரப்பர் வளைந்து கொடுக்கும். பால்மரத்தோடு வாழ்ந்தவர்களுக்கு ரப்பரின் குணம் தெரியும். அளவோடு வளைத்தால் பல காலம் உழைக்கும். எப்போதும் கோணலாகவே வைத்திருந்தால் வெடித்துக் கிழியும்.

எலான் காரை அழகுக்காக இறக்குபவர்கள் சந்திக்கும் சிக்கல் இதுவே. உயரம் குறைந்ததும் தண்டின் கோணம் மாறுகிறது. நேராக நின்று சுழல வேண்டிய ரப்பர் வளையம், கார் நேரே போகும்போதும் வளைந்தபடியே சுழல்கிறது. அதன் ஆயுள் குறைகிறது. உயரம் என்பது தனியான ஓர் எண் அல்ல. அதோடு கட்டுண்ட பாகங்கள் பல.

இரண்டு அங்குலம் இறக்கினால் என்ன நடக்கும்?

நம் ஊர் சத்ரியாவுக்கும் வீராவுக்கும் இதே கணக்கு பொருந்தும். வளைவில் திரும்பும்போது காரின் உடல் வெளிப்பக்கம் சாய்கிறது. காரின் எடை முழுதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி எடை மையம். உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது சாய்வு மையம். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம், காரைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளம் போன்றது.

இந்தக் கார்களின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் வகை. காரை இரண்டு அங்குலம் இறக்கினால் எடை மையமும் அதே அளவு இறங்குகிறது. அது நன்மைதான். ஆனால் லோவர் ஆர்ம் சக்கரப் பக்கமாக மேல்நோக்கிச் சரிவதால் சாய்வு மையம் அதைவிட அதிகமாக இறங்கிவிடுகிறது. நெம்புகோல் குறைவதற்குப் பதிலாக நீள்கிறது. தாழ்ந்த கார் கூடுதலாகச் சாயப் பார்க்கிறது. அதைத் தடுக்க மேலும் விறைப்பான ஸ்பிரிங் வேண்டியிருக்கிறது. விறைப்பு கூடினால் சக்கரம் துள்ளுகிறது.

ஸ்பிரிங்கை வெட்டினால் நிலைமை இன்னும் மோசம். சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் விறைத்துப்போகும். பழைய அப்சோர்பரால் அதை அடக்க முடியாது. சக்கரம் ஏறி இறங்கும் இடம் குறைவதால் சிறு பள்ளத்திலும் காரின் உடல் ரப்பர் தடுப்பில் போய் இடிக்கும். மேட்டைத் தாண்டும்போது நீளம் போதாத ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகவும் கூடும். அலைன்மென்ட் மாறும், டயர் ஒருபக்கமாகத் தேயும், முன்விளக்கின் ஒளி விழும் இடமும் மாறும். செம்பனை லோரிகள் குழி பறித்த மண்சடக்கில் இப்படி ஒரு காரை ஓட்டுவது எளிதல்ல.

பந்தயக் களத்தில் புகழும் மரணமும்

சாப்மனின் பெயர் உலகெங்கும் பரவியது ஃபார்முலா 1 பந்தயத்தால். 1958 மொனாக்கோ பந்தயத்தில் லோட்டஸ் அணி முதன்முதலாக இறங்கியது. 1962இல் வந்த லோட்டஸ் 25 ஒரு திருப்பம். குழாய்களால் ஆன சட்டத்தைக் கைவிட்டு, விமான உடல் போலத் தகட்டையே சட்டமாக்கினார். ஓட்டுநரை ஏறக்குறையப் படுக்க வைத்தார். கார் தாழ்ந்தது, எடை குறைந்தது, விறைப்பு கூடியது. ஸ்காட்லாந்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஜிம் கிளார்க் அந்தக் காரில் 1963இல் உலக வெற்றியாளர் ஆனார். 1965இல் மீண்டும் வென்றார். அதே ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தையும் கைப்பற்றினார்.

சாப்மன் உயிரோடு இருந்த காலத்தில் லோட்டஸ் அணி 7 முறை தயாரிப்பாளர் பட்டத்தையும், அதன் ஓட்டுநர்கள் 6 முறை உலகப் பட்டத்தையும் வென்றார்கள். வெற்றி பெறும்போதெல்லாம் தமது கறுப்புத் தொப்பியை ஆகாயத்தில் வீசுவது அவருடைய வழக்கம்.

இந்தப் புகழுக்கு வேறொரு பக்கமும் உண்டு. மெலிதாக்கிய பாகங்கள் சில நேரம் முறிந்தன. 1960இல் பெல்ஜியத்தின் ஸ்பா களத்தில் பயிற்சியின்போது ஸ்டெர்லிங் மோஸ் ஓட்டிய லோட்டஸின் சக்கரம் கழன்றது. அதே நாளில் மைக்கேல் டெய்லரின் லோட்டஸில் ஸ்டியரிங் தண்டு முறிந்தது. இருவரும் படுகாயம் அடைந்தார்கள். 1968 ஏப்ரல் 7ஆம் தேதி ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் லோட்டஸ் காரில் உயிரிழந்தார். நெருங்கிய நண்பரை இழந்த சாப்மன் உடைந்துபோனார்.

1970 செப்டம்பர் 5ஆம் தேதி இத்தாலியின் மோன்சாவில் ஜோகன் ரிண்ட் மாண்டார். அவருடைய லோட்டஸ் 72 காரில் முன் பிரேக்கின் தண்டு முறிந்திருந்தது. லோட்டஸ் கார்களின் உறுதி பற்றி முன்பே கவலை தெரிவித்தவர் ரிண்ட். அந்த ஆண்டின் உலகப் பட்டம் அவர் இறந்த பிறகு அவருக்குக் கிடைத்தது. சாப்மனைப் போற்றி எழுதுபவர்கள் இந்தப் பெயர்களைத் தாண்டிப் போகக்கூடாது. எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கக்கூடாது என்ற கேள்விக்கு இவர்கள் தங்கள் உயிரையும் உடலையும் விலையாகக் கொடுத்தார்கள்.

ஆறு சென்டிமீட்டர் போர்

1970களின் நடுவில் சாப்மன் தரைக்கும் காருக்கும் இடையே உள்ள காற்றின்மேல் கண் வைத்தார். பீட்டர் ரைட் உள்ளிட்ட அவருடைய பொறியாளர்கள், விமான இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்த வடிவத்தைக் காரின் அடிப்பகுதிக்குக் கொடுத்தார்கள். பக்கங்களில் தரையைத் தொடும் தடுப்புகளை வைத்தார்கள். கார் ஓடும்போது அடியில் காற்றழுத்தம் குறைந்து, கார் தரையோடு உறிஞ்சப்பட்டது. 1977இல் லோட்டஸ் 78, 1978இல் லோட்டஸ் 79. மாரியோ ஆண்ட்ரெட்டி 1978இல் உலக வெற்றியாளர் ஆனார். அதே ஆண்டு மோன்சா விபத்தில் காயமுற்ற லோட்டஸ் ஓட்டுநர் ரோனி பீட்டர்சன் மறுநாள் மருத்துவமனையில் இறந்தார்.

உறிஞ்சும் விசை நிலையாக இருக்க, காரின் உயரம் மாறாமல் இருக்க வேண்டும். அதற்காக எல்லா அணிகளும் ஸ்பிரிங்குகளை விறைப்பாக்கின. மென்மையான ஸ்பிரிங்கை உலகுக்குக் காட்டிய சாப்மனே இப்போது விறைப்பின் பக்கம் தள்ளப்பட்டார். அடுத்து வந்த லோட்டஸ் 80 ஓடும்போது மேலும் கீழும் ஆடியது. மூன்று பந்தயங்களோடு அதை ஓரங்கட்டினார்கள்.

1981இல் புதிய விதி வந்தது. காருக்கும் தரைக்கும் இடையே 6 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம். ஆனால் கார் நிற்கும்போதுதான் அளக்க முடியும். பிரபம் அணியின் கோர்டன் மரே இதில் ஒரு வழி கண்டார். ஓடும்போது காற்றின் அழுத்தத்தால் கார் தானே தாழும், மெதுவாகத் திரும்பி வரும்போது பழைய உயரத்துக்கு எழும். மற்ற அணிகளும் அதைப் பின்பற்றின.

சாப்மன் வேறு விதமாக யோசித்தார். அவருடைய லோட்டஸ் 88இல் இரண்டு சட்டங்கள். வெளிச்சட்டம் காற்றின் அழுத்தத்தை நேராகச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும். உள்சட்டத்தில் மென்மையான ஸ்பிரிங்மேல் ஓட்டுநர் இருப்பார். கார் தாழ்ந்தும் இருக்கும், ஓட்டுநரின் முதுகும் தப்பிக்கும். மற்ற அணிகள் எதிர்த்தன. அந்தக் காருக்குப் பந்தயத்தில் ஓட அனுமதி கிடைக்கவில்லை. மனம் வெறுத்த சாப்மன் அந்த ஆண்டு சான் மரினோ பந்தயத்துக்கு அணியை அனுப்பவே இல்லை.

கடைசி நாள்கள்

1977இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் கடலுக்குள் பாயும் வெள்ளைக் கார், லோட்டஸ் எஸ்பிரி. நம் மூத்த வாசகர்கள் பலருக்கு லோட்டஸ் என்றதும் நினைவுக்கு வருவது அதுதான். அந்தப் புகழின் உச்சியில் சாப்மன் வட அயர்லாந்தின் டிலோரியன் கார் திட்டத்தில் இணைந்தார். பிரிட்டிஷ் அரசின் பணம் பாய்ந்த திட்டம் அது. லோட்டஸுக்குச் சேர வேண்டிய பணத்தில் பெருந்தொகை வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் வழியாகத் திசைமாறியது. லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் ஃபிரெட் புஷெல் 1992இல் சிறைத் தண்டனை பெற்றார். சாப்மன் நீதிமன்றத்தில் நிற்க நேரவில்லை. 1982 டிசம்பர் 16ஆம் தேதி மாரடைப்பால் காலமானார்.

அதே நாளில் இங்கிலாந்தின் ஸ்னெட்டர்டன் களத்தில் அவருடைய அணியினர் ஒரு புதிய காரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கணினியும் எண்ணெய் அழுத்தமும் சேர்ந்து காரின் உயரத்தை நொடிக்கு நொடி சரிசெய்யும் சஸ்பென்ஷன் அதில் இருந்தது. தாழ்வும் வேண்டும், மென்மையும் வேண்டும் என்று சாப்மன் தேடிய விடை அது. 1987இல் அயர்டன் சென்னா அத்தகைய லோட்டஸில் மொனாக்கோவிலும் டெட்ராய்ட்டிலும் வென்றார். சாப்மன் அதைப் பார்க்கவில்லை.

நம் கைக்கு வந்த பாடம்

அவருக்குப் பின் லோட்டஸ் பல கை மாறி 1996இல் புரோட்டோனிடம் வந்தது. 2017இல் அதன் பெரும்பங்கு சீனாவின் கீலி நிறுவனத்துக்குப் போனது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் மலேசியக் கார்கள் கற்றுக்கொண்டது கொஞ்சமல்ல. சத்ரியா ஜிடிஐயை ஓட்டியவர்கள் அது வளைவில் காட்டும் நிதானத்தை இன்றும் பேசுகிறார்கள். ஸ்பிரிங், அப்சோர்பர், புஷ் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி லோட்டஸ் பொறியாளர்கள் அமைத்ததே அதற்குக் காரணம். அந்த ஸ்பிரிங்கை வெட்டும்போது அவர்களின் உழைப்பையும் சேர்த்து வெட்டுகிறோம்.

காரை இறக்கவே கூடாது என்று சாப்மனின் வாழ்க்கை சொல்லவில்லை. இறக்கினால் மற்றவற்றையும் கூடவே கணக்கில் எடுக்க வேண்டும். ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒரு ஜோடியாக இருக்க வேண்டும். லோவர் ஆர்ம் மேல்நோக்கிச் சரியும் அளவுக்கு இறக்கக்கூடாது. இறக்கிய பின் அலைன்மென்ட்டையும் முன்விளக்கையும் சரிபார்க்க வேண்டும். வாகனத்தில் மாற்றம் செய்யும் முன் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் கேட்டுக்கொள்வது நல்லது. முடிந்தால் தேவையற்ற எடையை முதலில் குறைக்கலாம். பின் இருக்கையில் கட்டிய பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியை இறக்கிவைத்தாலே காரின் ஓட்டத்தில் வித்தியாசம் தெரியும். அதற்குச் செலவும் இல்லை.

25 பவுண்டு கடனில், குதிரை லாயத்தில் தொடங்கியவர் சாப்மன். தம்மிடம் இல்லாத பணத்துக்குப் பதிலாக யோசனையைச் செலவழித்தார். பட்டறையில் சாயங்காலம் கார் இறக்கும் நம் பிள்ளைகளிடமும் பணம் குறைவு, ஆர்வம் அதிகம். வெட்டுக்கத்தியை எடுக்கும் முன் அளவுகோலை எடுத்தால் அந்த ஆர்வம் ஒரு தொழிலாகவும் வளரும். தஞ்சோங் மாலிம் ஆலை, ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் நேரே தெற்கே போனால் வந்துவிடும்.